கண்ணாடி அலமாரியில் ஓர் இடம்

கிரிக்கெட் கிளப்பின் கண்ணாடி அலமாரிக்குள் யார் புதிதாக வந்தாலும் அந்தக் கிழட்டு மட்டைக்குச் சந்தேகம்தான். இறுதி ஆட்டத்தில் கடைசிவரை அவுட் ஆகாமல் சதம் அடித்த மட்டை அது. எப்போதும் ஒரு விளிம்பைச் சுவரோடு ஒட்டிவைத்தே நிற்கும்.

அன்று பழைய மூட்டையிலிருந்து ஒரு பந்து வந்து இடம் கேட்டது. அதே ஆட்டத்தில் ஒன்பது விக்கெட் எடுத்த பந்து.

"நல்ல பந்துதான், இல்லேன்னு சொல்லலை," என்றது மட்டை. "ஆனா ஒரு பக்கம் மட்டும் ஏன் பளபளக்குது? எவனாவது எதையாவது தடவியிருப்பான்."

"பேன்ட்ல தேய்ச்சதுங்க ஐயா."

"அப்படியா? அவ்வளவு கெட்டிக்காரன்னா பத்தாவது விக்கெட் ஏன் விழலை?"

அலமாரியில் பக்கத்திலேயே இருந்த, அந்த ஆட்டத்தில் ஸ்டம்புக்குப் பின்னால் நின்ற கீப்பர் கையுறை லேசாக இருமியது.

மட்டைக்குச் சுருக்கென்றது. "என் விளிம்புல படவே இல்லை! அம்பயரே கை தூக்கலை!" என்று கத்தியது.

"விளிம்பைப் பத்தி இங்க யாருப்பா பேசினா?" என்றபடி, பந்து உட்கார இடம்விட்டு நகர்ந்தது கையுறை.