தையல் போட்ட ஆடு

"சும்மாவே முடி வெட்டி உடறீங்களாங்க அம்மணி? அத்தனை ஆட்டுக்குமா?"

லட்சுமணசாமி நம்பாமல்தான் கேட்டார். துடியலூரைத் தாண்டி இருந்த ஷைலாவின் சின்னத் தோட்டத்தில், மண்ணுக்கு உரமாகட்டும் என்று முந்தின நாள் ராத்திரிதான் தன் செம்மறிகளைப் பட்டி போட்டிருந்தார்.

"அத்தனைக்குந்தாங்ணா. வெட்டற ஆளுங்களை நானே வரச் சொல்லிட்டேன். வெயில் காலம் வருது, பாவம் வாயில்லா ஜீவனுங்க" என்றாள் ஷைலா.

வாயில்லா ஜீவன்களாவது ஒன்றாவது! அவளுக்கு வேண்டியது ரோசி. தீபாவளி முடிந்த கையோடு இந்தப் பட்டி ஆடுகள் ரோட்டில் போனபோது, அவள் புருஷன் லியோ கேட்டைத் திறந்து போட்டிருந்தான். அன்று சாயங்காலம் ரோசியைக் காணவில்லை. முதல் சம்பளத்தில் ஷைலா ஆசை ஆசையாய் வாங்கிய செம்மறி ஆடு. நாய் கடித்துக் கிழித்த விலாவை, நர்ஸாயிற்றே, அவளே தைத்துப் பிழைக்க வைத்திருந்தாள். அதை நினைத்து அவள் அழாத நாள் இல்லை.

திருடன் வாயால் உண்மை வருமா? கேட்டால் ராத்திரியோடு ராத்திரியாக ஆட்டை மறைத்துவிடுவான். மந்தையைப் பார்த்து "ரோசி" என்று கூப்பிட்டும் பார்த்தாயிற்று; பாதி மந்தை திரும்பிப் பார்த்தது. எல்லாம் ஒரே மூஞ்சி! அதனால்தான் இந்த ஏற்பாடு. முடி போனால் தையல் தழும்பு வெளியே வந்துதானே ஆக வேண்டும்?

வேப்பமர நிழலில் கத்தரிகள் சத்தம் போட ஆரம்பித்தன. லட்சுமணசாமி ஒவ்வொரு ஆடாகத் தானே பிடித்து வந்து படுக்க வைத்தார். வெட்டுகிறவர்களின் உதவியைக்கூட ஏற்கவில்லை.

"ஏனுங்க, ஒண்ணு கவனிச்சீங்களா?" ஷைலா புருஷனின் காதில் கிசுகிசுத்தாள். "அந்தாளு ஆட்டைப் பாக்கறதே இல்ல. என் மூஞ்சியவே பாத்துட்டு இருக்கறாரு."

"மடியில கனமிருக்குது, அதான். மத்த பட்டிக்காரங்க எல்லாம் பொங்கலுக்கே பெருந்துறைப் பக்கம் அவங்க ஊருக்குத் திரும்பியாச்சு. இந்தாளு மட்டும் எதுக்கு இன்னும் நம்ம ஊரையே சுத்திட்டு இருக்கறாரு? இன்னும் நாலு ஆடு சிக்கட்டும்னுதான்."

ஷைலாவுக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. பல்லைக் கடித்துக்கொண்டாள்.

"பட்டி போட்டதுக்கு எவ்வளவுங்ணா தரோணும்?" என்று மெல்ல நூல் விட்டுப் பார்த்தாள்.

"ஒண்ணும் வேண்டாங்க. நீங்க நல்லாப் பாருங்க, அது போதும்."

எதை நல்லாப் பார்க்கச் சொல்கிறார்? ஷைலாவுக்கு ஒன்றும் புரியவில்லை.

கொஞ்ச நேரத்தில் நல்ல கொழுகொழுவென்று ஒரு சினை ஆடு வந்தது. முடி உரிய உரிய, விலாவில் நீளமாக ஒரு தழும்பு!

"இதேதான்! புடிச்சுக் கட்டு!" லியோ துள்ளினான்.

ஷைலா குனிந்து பார்த்தாள். ஏதோ கம்பி வேலி கிழித்த கோடு. ஊசி ஏறின அடையாளமே இல்லை.

"நம்மளுது இல்லைங்க."

"அடி மக்கு!" லியோ குரலைத் தாழ்த்தினான். "நம்மளுது எந்தக் கறிக்கடைக்குப் போச்சோ? அதுக்கு ஈடா இது இருக்கட்டும். குட்டியோட வருது, யாரு கேக்கப் போறா?"

ஒரு நிமிஷம் அவளுக்கும் ஆசை தட்டத்தான் செய்தது. எத்தனை நாள் அழுதிருப்பாள்! ஆனால் அந்த ஆட்டின் முகத்தைப் பார்த்ததும் மனசு வரவில்லை.

"உட்டுடுங்கண்ணா, போகட்டும்" என்றாள் சத்தமாக.

லட்சுமணசாமி அவளை ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டு ஆட்டை விட்டார்.

வெட்டிப் போட்ட முடி குவிந்துகொண்டே போனது. வெயில் இறங்கிவிட்டது. ரோசி இல்லை. ஷைலாவுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தபோது, அவர் கடைசி ஆட்டைப் பிடித்து வந்தார். கத்தரி விலாவுக்கு வந்ததும், கோணல்மாணலாக, அவள் கை நடுங்க நடுங்கப் போட்ட அதே தையல்.

"ரோசி!" ஷைலா பாய்ந்து அதன் கழுத்தைக் கட்டிக்கொண்டாள். அதுவரை அடக்கி வைத்திருந்தது எல்லாம் பீறிட்டது. "இது எங்க ஆடு! நான் தச்ச தையல்! இத்தனை நாளா ஒளிச்சு வச்சிருந்திருக்கறீங்களே, நீங்க நல்லா இருப்பீங்களா? ஏனுங்க, போலீசுக்குப் போனைப் போடுங்க!"

லியோ போனை எடுப்பதற்குள் லட்சுமணசாமி தன் போனை எடுத்துவிட்டார். அந்த முடிக் குவியல் மேலேயே பொத்தென்று உட்கார்ந்தார்.

"ஏம்புள்ள, கெடைச்சுப்போட்டாங்க!" வீட்டுக்காரியிடம் கத்தினார். "ஆமா, நம்ம மந்தையோட தானா சேந்து வந்துச்சே, அந்த ஆட்டுக்குச் சொந்தக்காரங்கதான்! வாயைத் தொறந்து கேட்டா ஊர்ல ஆளாளுக்கு எங்குளுது எங்குளுதுன்னாங்க. தழும்பு இருக்குதுன்னு சொன்னா, நம்ம சினையாட்டையே காட்டி, இதுதான்னு சொன்னவங்களும் உண்டு. இந்த அம்மணிதான் அதை வேண்டாம்னு உட்டுப்போட்டு, தங்குளுதைச் சரியாப் புடிச்சாங்க. ஒப்படைச்சாச்சு புள்ள, இனி எனக்கு இங்க என்ன வேலை? நாளைக்கே பட்டியைக் கெளப்பிட்டு ஊட்டுக்கு வாரேன்!"