பதினெட்டு நிமிடம்

"பில்டர் வர்ற நாள்லதானா அக்காவையும் கூப்பிடணும்?" என்று இன்ஜினியர் பல்லைக் கடித்தார்.

"நீங்க அவங்க வீட்டுக்குப் போய் ரெண்டு வருஷமாச்சு. அவங்களாவது வந்து நம்ம வீட்டைப் பார்க்கட்டுமேன்னு கூப்பிட்டேன்" என்றாள் மனைவி. "பாவம், ரெண்டு மணி நேரம் பஸ்ல இடிபட்டு வரணும்."

இன்ஜினியர் நைசாக வேறு பக்கம் திரும்பிக்கொண்டார். அந்த ரெண்டு மணி நேரம் அவர் சொந்தமாகத் தயாரித்த சரக்கு.

ஒரே ஒரு தடவை அது உண்மையாக இருந்தது. வழியில் இருக்கிற பாலத்தில் ரிப்பேர் வேலை நடந்தபோது அக்கா வீடு போய்ச் சேர ரெண்டு மணி நேரம் பிடித்தது. பாலம் ஒரே மாதத்தில் சரியாகிவிட்டது. ஆனால் "வரலாம்னுதான் பார்க்கிறேன்க்கா, ரோடு மோசம், ரெண்டு மணி நேரமாகுது" என்று போனில் சொல்வது வாய்க்குப் பழகிவிட்டது. தையல்காரி அக்காவும் மிஷினை நிறுத்தாமலே, "ஆமாப்பா, நீ அலையாதே" என்பாள்.

அக்கா வந்து சோபாவின் நுனியில் உட்கார்ந்தாள். பின்னாலேயே பில்டரும் வந்துவிட்டார். இருநூறு வீடு கட்டப்போகிறவர். இந்த வீட்டில் மாட்டியிருக்கிற புதுக் கருவி அவருக்குப் பிடித்துப்போனால் கம்பெனியில் இன்ஜினியர் காட்டில் மழைதான்.

"சார், நான் ஆபீஸை விட்டுக் கிளம்பினதும் இந்த வீடு ரோட்டைப் பார்த்துக் கணக்குப் போடும்" என்று சுவரில் இருந்த திரையைக் காட்டினார் இன்ஜினியர். "இன்னும் இருபது நிமிஷத்துல வந்துடுவேன்னா, வெந்நீர் போட ஆரம்பிக்கும். வழியில மாட்டிக்கிட்டேன்னா ஹீட்டரைத் தள்ளிப் போடும். காலையில ரோடு சரியில்லைன்னா, பத்து நிமிஷம் முன்னாடியே என்னை எழுப்பி விட்டுடும்."

"அடேயப்பா! நான் எங்க இருக்கேன்னு என் சம்சாரத்துக்கே தெரியாது சார். உங்க வீட்டுச் சுவருக்குத் தெரியுதே!" என்று பில்டர் எழுந்தே நின்றுவிட்டார்.

அக்கா கன்னத்தில் கை வைத்துக்கொண்டாள். "ஏன்டா, இங்க இருந்துக்கிட்டே அவ்வளவு தூரத்து ரோடு இதுக்குத் தெரியுதா? சட்டைப் பொத்தானை ஒழுங்கா மாட்டத் தெரியாத பயல், எப்படிடா இதையெல்லாம் செஞ்சே?"

எல்லாரும் சிரித்தார்கள். இன்ஜினியருக்கும் உச்சி குளிர்ந்துபோனது. அந்தக் குளிர்ச்சியில், பில்டர் திரையைத் தொட்டதை அவர் கவனிக்கவில்லை.

"ஆபீஸ், ஸ்கூல், ஏர்போர்ட்... எல்லாத்துக்கும் மேல என்ன இது? அக்கா வீடா! பரவாயில்லையே!"

இன்ஜினியருக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஆறு மாதம் முன்பு முதன்முதலாகச் சோதித்துப் பார்க்கையில் ஏதாவது ஒரு முகவரி தேவைப்பட்டது. எதையும் பார்க்காமல் கதவு எண்ணோடு அவருக்குச் சொல்லத் தெரிந்தது அக்கா வீட்டு முகவரி ஒன்றுதான். பிறகு அதை அழிக்க மறந்துபோயிருந்தார்.

"சார், அது வந்து..." என்று அவர் பாய்வதற்குள் பில்டரின் விரல் அதை அழுத்திவிட்டது.

"அக்கா வீடு. இப்போது கிளம்பினால் பதினெட்டு நிமிடம்" என்றது வீடு, கணீரென்று.

"பதினெட்டா?" மனைவி திரும்பிப் பார்த்தாள். "நீங்க ரெண்டு மணி நேரம்னு..."

இன்ஜினியருக்குக் காது மடல் சுட்டது. மனைவியின் முகத்தைப் பார்த்தாலும் பார்க்கலாம், அக்காவின் முகத்தைப் பார்க்க முடியாதுபோல இருந்தது.

"இன்னைக்கு லீவு நாள்மா, ரோடு காலியா கிடக்கு" என்றாள் அக்கா. "வேலை நாள்ல வந்து பாரு, பாலத்துல ஒரு வண்டி அசையாது. எத்தனை தடவை இவன் கிளம்பி, பாதி வழியில திரும்பிப் போயிருக்கான்! பாவம், வீட்டுல சொல்லியிருக்க மாட்டான்."

மனைவியின் முகம் தெளிந்தது. இன்ஜினியர் அசந்துபோனார். சின்னப் பொய் சொல்வதற்குள் நாலு தடவை திக்குகிற அக்கா இவள். இன்று கண்ணை இமைக்காமல் சொல்கிறாள்!

"அப்போ நாளுக்கு நாள் மாறுறதைக்கூடச் சரியாச் சொல்லுதா? இருநூறு வீட்டுக்கும் இதையே போட்டுடுங்க" என்று கை குலுக்கிவிட்டுப் போனார் பில்டர். இன்ஜினியருக்கு அது காதிலேயே விழவில்லை.

சாயங்காலம் அவரே காரில் அக்காவைக் கொண்டுபோய் விட்டார். பாலத்தில் வண்டிகள் சீராக ஓடிக்கொண்டிருந்தன. அக்கா தையல் கூலியைப் பற்றியும் கண் கண்ணாடி மாற்ற வேண்டியதைப் பற்றியும் பேசிக்கொண்டே வந்தாள். அவர் 'ம்' கொட்டினார். அவள் வீட்டு வாசலில் வண்டியை நிறுத்தியபோது பதினேழு நிமிடம்தான் ஆகியிருந்தது.

"அக்கா..." அவர் இன்ஜினை அணைத்தார். "வேலை நாள்லயும் இவ்வளவு நேரம்தான். நான் உன்கிட்ட பொய் சொல்லிட்டேன்."

"தெரியும்டா."

"தெரியுமா? எப்படி?"

அக்கா கீழே இறங்கி, கதவைப் பிடித்தபடி குனிந்தாள்.

"உங்க தெருக்கோடியில இருக்கிற டீச்சருக்கு ஒன்றரை வருஷமா நான்தான் துணி தைச்சுக் கொடுக்கிறேன். உன் கண்ணுல பட்டா நீ சங்கடப்படுவியேன்னு, ஒரு ஸ்டாப் தள்ளி இறங்கி, பின் தெரு வழியா நடந்து போயிட்டு வந்துடுவேன்."