நாலரை அங்குலம் உயர்ந்த வண்டி

அந்தப் பிக்கப் பட்டறைக்குள் தத்தித் தத்தித்தான் வந்தது. மெக்கானிக் கையைத் துடைத்துக்கொண்டு குனிந்து பார்த்தார். யாரோ ஆசை ஆசையாக உயரம் தூக்கிவைத்த வண்டி. பெரிய டயர், நீள ஸ்பிரிங். ஆனால் ஷாக் அப்சார்பர் மட்டும் கம்பெனியில் வந்த பழைய குட்டை. கிடுகிடுவென்று வளர்ந்த பையனுக்குப் போன வருஷத்துப் பேண்ட்டை மாட்டிவிட்ட மாதிரி இருந்தது.

"இந்த உயரத்துக்குத் தோதா நாலு ஷாக் போடணும்," என்றார் கறுப்புக் கண்ணாடியோடு இறங்கியவர்.

"எத்தனை இஞ்ச் தூக்கியிருக்கீங்க?"

"தெரியலையே. நீங்களே பாருங்க."

மெக்கானிக் நிமிர்ந்தார். இருபது வருஷத் தொழிலில் இப்படி ஒரு பதிலை அவர் கேட்டதே இல்லை. வண்டியை உயரம் தூக்கினவன் எவனும் அதைப் பற்றி வாயை மூடியதில்லை. துக்கம் விசாரிக்கப் போன இடத்தில்கூட எத்தனை அங்குலம் என்று சொல்லிவிட்டுத்தான் வருவான்.

"எவ்வளவு வெயிட் ஏத்துவீங்க? எந்த மாதிரி ரோடு?"

"எல்லாம் சுமாராத்தான்."

"டாக்டர்கிட்டயும் மெக்கானிக்கிட்டயும் எதையும் மறைக்கக் கூடாதுங்க. வண்டிப் பேப்பர் இருக்கா?"

"கையில இல்லை," என்று சிரித்தார் வந்தவர்.

மெக்கானிக் வண்டியை ஒருமுறை சந்தேகத்தோடு சுற்றிவந்தார். போன மாதம்தான் ஒரு திருட்டுக் கார் இதே பட்டறையில் புது பெயிண்ட் அடித்துக்கொண்டு போயிருந்தது. "தெரியாமப் பண்ணிட்டீங்கன்னு விடறேன். இனிமே திருட்டுப் பொருள் எதையாவது இங்க பார்த்தேன், பட்டறைக்குச் சீல்தான்," என்று இன்ஸ்பெக்டர் விரலை ஆட்டிவிட்டுப் போயிருந்தார். பட்டறை போனால் குடும்பம் நடுத்தெருவுக்கு வந்துவிடும். அன்றிலிருந்து, பெண் கொடுக்கப்போகிறவர் மாதிரி ஒவ்வொரு வண்டியின் பூர்வீகத்தையும் விசாரித்துவிட்டுத்தான் அவர் ஸ்பேனரையே எடுத்தார்.

உதிரிபாகங்களைப் பார்த்துக்கொள்வது மனைவியின் தம்பி. அவனைக் கூப்பிட்டார். வெளியே வந்தவன் பிக்கப்பைப் பார்த்ததும் பேயறைந்தவன் போல நின்றான்.

"உனக்கும் அப்படித்தான் தோணுதா மாப்ளே?" என்று ரகசியமாகக் கேட்டார் மெக்கானிக்.

"எ... எப்படி மாமா?"

"திருட்டு வண்டிடா! சொந்தக்காரன்னா உயரம் தெரியாம இருப்பானா? இன்ஸ்பெக்டருக்குப் போன் போடப்போறேன்."

"போலீசெல்லாம் எதுக்கு மாமா? ஷாக் இல்லைன்னு சொல்லி அனுப்பிடுவோம்."

"அனுப்பிட்டு, நாளைக்கு நானா கம்பி எண்றது? அவர் வர்ற வரைக்கும் வேலை பார்க்கற மாதிரி இழுத்தடிக்கிறேன். நீ கூட நில்லு."

"எனக்கு வயிறு சரியில்லை மாமா," என்று அவன் பின்பக்கம் ஓடினான். சரியான பயந்தாங்கொள்ளி என்று திட்டிக்கொண்டே மெக்கானிக் போன் செய்தார்.

வண்டியை ஜாக்கியில் ஏற்றினார். சக்கரத்தைத் தொங்கவிட்டு ஓர் அளவு எடுத்தார், பாரத்தில் உட்காரவைத்து இன்னோர் அளவு எடுத்தார். ஷாக் குட்டையாக இருந்தால் பள்ளத்தில் பிய்த்துக்கொள்ளும், நீளமாக இருந்தால் மேட்டில் முட்டி உடையும் என்று நேரம் கடத்துவதற்காகப் பாடமே நடத்தினார். வந்தவரும் எதுவுமே தெரியாதவர் போல் தலையாட்டினார்.

சாதாரணமாகக் கடையில் கிடைக்காத அளவு அது. ஆர்டர் கொடுத்தால் இரண்டு மாதம் ஆகும். இருந்தாலும் உள்ளே போய் அலமாரியைத் துழாவினார். அடித்தட்டில் ஒரே ஒரு செட் இருந்தது!

"உங்களுக்கு மச்சம்தாங்க!" என்று தூக்கிக்கொண்டு வந்தார்.

வந்தவர் ஒன்றை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இது எங்க பிடிச்சீங்க?"

"அதெல்லாம் தொழில் ரகசியம்," என்றார் மெக்கானிக். உண்மையில் அவருக்கே தெரியாது.

வந்தவர் நாலடி தள்ளிப் போய்ப் போனை எடுத்தார். "கிடைச்சிருச்சு. உடனே வாங்க."

கூட்டாளியை வேறு கூப்பிடுகிறான்! மெக்கானிக் வாசலை எட்டிப் பார்த்தார். இன்ஸ்பெக்டரை இன்னும் காணோம். ஆனாலும் கை தன் வேலையைப் பார்த்தது. ஒவ்வொரு ஷாக்கும் போல்ட் துளையில் தானாகப் போய் உட்கார்ந்தது. தட்ட வேண்டியதில்லை, நெம்ப வேண்டியதில்லை. நாலாவதை முறுக்கிவிட்டு வண்டியை இறக்கி, பின்பக்கத்தை அமுக்கிவிட்டார். ஒரே ஆட்டம், அப்புறம் அசைவே இல்லை. பயத்தையும் மீறி அவருக்குப் பெருமை பொங்கியது.

"அளவெடுத்துச் செஞ்ச மாதிரி இருக்கு பாருங்க!"

வாசலில் ஜீப் வந்து நின்றது. மெக்கானிக் ஓடினார். "சார், இவர்தான்! திருட்டு வண்டி சார்!"

"வண்டி இவரோடதுதான். பேப்பரெல்லாம் போன வாரமே நான் பார்த்தாச்சு," என்றார் இன்ஸ்பெக்டர். "ஒரே பட்டறையிலேர்ந்து ரெண்டு போன். முதல்ல நீங்க, அப்புறம் இவரு."

"அப்போ உயரம் தெரியாதுன்னாரே?"

"நாலரை இஞ்ச்," என்றார் வந்தவர், கண்ணாடியைக் கழற்றியபடி. "சொல்லாம அடக்கிவைக்க எவ்வளவு கஷ்டப்பட்டேன் தெரியுமா?"

மெக்கானிக்குக்கு உயிர் திரும்பி வந்தது. வாய்விட்டுச் சிரித்தார். இன்ஸ்பெக்டர் சிரிக்கவில்லை.

"உங்க மச்சினன் எங்க?"

பின்கதவு விரியத் திறந்து கிடந்தது.

"சரி, அவனை நாங்க பார்த்துக்கறோம். பட்டறைச் சாவியைக் கொடுங்க. சீல் வைக்கணும்."

"ஏன் சார்? வண்டிதான் திருட்டு வண்டி இல்லையே?"

"வண்டி இல்லை," என்றார் இன்ஸ்பெக்டர்.

பத்து நாளைக்கு முன்பு அந்தப் பிக்கப்பின் அடியிலிருந்து களவுபோன நாலு ஷாக்கையும், மெக்கானிக் தன் கையாலேயே அதே இடத்தில் திருப்பி மாட்டி முடித்திருந்தார்.