முப்பத்தோராம் பக்கம்

“அதுக்கு மேல தெரியல நைனா” என்று மோனிஷா புத்தகத்தை மூடிவிட்டாள்.

கட்டிலில் படுத்திருந்த அவள் அப்பா துளசிங்கம் பெருமூச்சு விட்டார். நாலு நாளாக இதே கதைதான். முப்பதாம் பக்கம் வரை தட்டுத் தடுமாறி வந்துவிடுவாள். முப்பத்தொன்று என்றதும் வாய் ஒட்டிக்கொள்ளும்.

நாலாம் வகுப்புக்கு வந்தும் படிப்பு என்றால் எழுந்து ஓடுகிற பிள்ளை. அதனால்தான் தீபா டீச்சர் பள்ளிக்கூட அலமாரியிலிருந்து இந்தச் சாகசக் கதையைக் கொடுத்தனுப்பியிருந்தார். பக்கத்துக்குப் பாதி படம், பாதி கொட்டை எழுத்து. வீட்டில் யாருக்காவது சத்தமாகப் படித்துக் காட்ட வேண்டும், வெள்ளிக்கிழமை திருப்பித் தர வேண்டும். நாளைக்கு வெள்ளிக்கிழமை.

பள்ளிக்கூடம் விட்டு வரும்போது வீட்டில் இருப்பது துளசிங்கம் மட்டும்தான். மனைவி சுலோச்சனா தாலுகா ஆபீசுக்கு எதிரே ஜெராக்ஸ் கடையில் வேலை பார்க்கிறாள். சர்க்கரை முதலில் அவருடைய கண்ணைத் தின்றது, அப்புறம் கிட்னியை. வாரத்தில் இரண்டு நாள் சுலோச்சனா கையைப் பிடித்துக்கொண்டு ரயிலேறி, திருவள்ளூரில் ரத்தம் சுத்தம் பண்ணிக்கொண்டு வருகிறார். மற்ற நாளெல்லாம் கட்டில்.

பக்கத்து வீட்டு விசைத்தறியில் நூல் அறுந்தால் இங்கிருந்தே சத்தத்தை வைத்துச் சொல்லிவிடுவார். மகள் முகம்தான் அவருக்குக் கலங்கிப்போன நிழலாகிவிட்டது. புத்தகத்தைக் கண்ணோடு ஒட்டி வைத்தாலும் வெறும் சாம்பல் நிறம்தான்.

படகு உடைந்து ஒரு பெண்ணும் அவள் அப்பாவும் ஆளில்லாத தீவில் ஒதுங்கிய கதை அது. முதலையிடமிருந்து தப்பித்தார்கள், குகையில் தங்கினார்கள். அப்பாவுக்கு விஷக்காய்ச்சல் கண்டது. மகள் பச்சிலை தேடிக் காட்டுக்குள் ஓடினாள். அந்த இடத்தில்தான் மோனிஷா நின்றாள்.

“மூணு எழுத்து கூட்டிப் பாரும்மா. மொத எழுத்து இன்னா?”

“வளைஞ்சி வளைஞ்சி இருக்குது.”

“‘ல’வா, ‘வ’வா?”

“தெரியல நைனா.”

பார்த்துச் சொல்லிக் கொடுக்கவும் வழியில்லை. துளசிங்கம் கட்டில் சட்டத்தை இறுகப் பிடித்துக்கொண்டார்.

“சரி, படத்தையாச்சும் சொல்லு. இன்னா போட்டுருக்குது?”

“மரம்.”

“வேற?”

“மரம்தான்.”

“அந்தப் பொண்ணு ஊருக்குப் போயிடுமா?”

“ஆங். கப்பல் வரும். அவ ஏறிப் போயிடுவா.”

“அது உனக்கு எப்டித் தெரியும்?”

“பின்னாடி படம் இருக்குது” என்றாள்.

படம் பார்த்தே காலத்தை ஓட்டுகிறாளே என்று நினைத்துக்கொண்டார். தான் எட்டாவதோடு தறிக்குப் போனது போதாதா? இவளைத் தட்டிக் கேட்டு, உட்கார வைத்துப் படிக்க வைக்கத் தான் இன்னும் எத்தனை நாள் இருக்கப் போகிறோம்?

“மோனி, நைனாக்காக ஒரே ஒரு பக்கம். நீ படிச்சிட்டன்னா நான் நிம்மதியா இருப்பேன்.”

“வேணா நைனா. மொதல்லருந்து படிக்கட்டா? முதலை வருமே, அத?”

“முதலைய நாலு நாளா கேட்டுகினுதான இருக்கேன்!” அவருக்கு ஆத்திரம் முட்டியது. “மண்டையில இன்னாதான் இருக்குது உனக்கு? ஒரு பக்கம் படிக்கத் துப்பில்ல!”

கத்தியதில் மூச்சு வாங்கியது. எழுந்து புத்தகத்தைப் பிடுங்கப் பார்த்தார். கை காற்றில் துழாவியதுதான் மிச்சம். மோனிஷா விசும்புகிற சத்தம் கேட்டது. அடிக்கவும் முடியவில்லை, அணைக்கவும் எட்டவில்லை.

சுவர்ப் பக்கம் திரும்பிக் குரல் கொடுத்தார். “டேய் வெங்கடேசா! செத்த இங்க வந்துட்டுப் போடா!”

“மாமாவ கூப்டாத நைனா” என்று மோனிஷா ஓடி வந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டாள்.

தறிச் சத்தம் நின்றது. பக்கத்து வீட்டு வெங்கடேசன் உள்ளே வந்தான். “இன்னாணா, உடம்புக்கு ஏதாச்சும்?”

“உடம்புக்கு ஒண்ணுமில்ல. அந்தப் புக்குல முப்பத்தொண்ணாவது பக்கத்த சத்தமாப் படி. அந்தக் கதை இன்னாதான் ஆச்சுன்னு கேட்டுட்டு வுட்டுர்றேன்.”

தாள் புரளும் சத்தம் கேட்டது. அப்புறம் எதுவும் கேட்கவில்லை. துளசிங்கம் காதைத் தீட்டிக்கொண்டு காத்திருந்தார்.

“படிடா.”

“இல்லணா… கண்ணாடி எடுத்துனு வரல. எழுத்து பொடியா இருக்குது.”

“கொட்டை எழுத்துன்னு டீச்சரம்மா சொன்னாங்களே!”

வெங்கடேசன் புத்தகத்தை மூடினான். குரலைத் தாழ்த்திக்கொண்டு, “மோனி, இத நீ படிச்சிட்டியா?” என்று கேட்டான்.

“மொத நாளே முழுசும் படிச்சிட்டேன் மாமா.”

துளசிங்கத்துக்குத் தூக்கிவாரிப் போட்டது. “படிச்சிட்டியா? அடிப்பாவி, அப்புறம் ஏம்மா தெரியல தெரியலன்னு சொன்ன?”

அவர் கையைப் பிடித்திருந்த சின்ன விரல்கள் இறுகின.

“அதுல அவங்க நைனா செத்துப் போயிடறாரு.”