சத்தமா வாசி!

"வேணாம்னா இப்பவே திரும்பிருவோம், பொன்னு. யாரு என்ன சொல்லப் போறாக?"

அருப்புக்கோட்டை தாலுகா கச்சேரி வராந்தாவில் நின்றுகொண்டு வெள்ளத்துரை இதைச் சொன்னது நான்காவது தடவை. பாளையம்பட்டியில் புளியும் கருப்பட்டியும் விற்கிற சின்னக் கடைக்காரர். இன்றைக்குக் கடையை அடைத்துவிட்டுப் பெண்சாதிக்குத் துணையாக வந்திருந்தார். வழியில் சேவு வேறு வாங்கிக் கொடுத்தார். இப்படி ஒரு புருஷன் வாய்க்க எந்தச் சாமிக்கு விளக்குப் போட்டோமோ என்று பொன்னுத்தாய்க்குக் கண் கலங்கிவிட்டது.

"வந்தது வந்தாச்சு. ஒரு கை பாத்துட்டே போவோங்க," என்றாள். பேச்சில் இருந்த வீறாப்பு மனசில் இல்லை.

விஷயம் இதுதான். ஜெர்மன், ஜப்பான் சண்டை முடிந்து தேர்தல் வரப்போகிறது. ஓட்டு எல்லாருக்கும் கிடையாது. வரி கட்டுகிற அளவுக்குச் சொத்து இருக்க வேண்டும், இல்லாவிட்டால் எழுதப் படிக்கத் தெரிந்திருக்க வேண்டும். வெள்ளத்துரைக்கு இரண்டும் இல்லை. பொன்னுத்தாய்க்கு எழுத்து தெரியும். அப்படித்தான் பக்கத்து வீட்டுச் சௌடேஸ்வரி அடித்துச் சொல்கிறாள். அவள் சொல்லித்தான் ஓட்டர் ஜாபிதாவில் பேர் சேர்க்க மனுப் போட்டாள் பொன்னுத்தாய். இன்றைக்கு விசாரணை.

சௌடேஸ்வரி தறிக்காரர் வீட்டுப் பெண். வீட்டில் பேச்செல்லாம் கன்னடம். ஆனாலும் மூன்றாம் வகுப்புவரை தமிழ்ப் பள்ளிக்கூடம் போனவள். மத்தியானங்களில் ராட்டையில் நூல் சுற்றிக்கொண்டே பொன்னுத்தாய்க்கு எழுத்துச் சொல்லிக் கொடுத்தாள். இருந்தது ஒரே ஒரு பாலபாடப் புத்தகம். பத்து மாதத்தில் அது தலைகீழ்ப் பாடமாகிவிட்டது. அங்கேதான் வந்தது வினை. கண்ணை மூடிக்கொண்டாலும் அதே வரி வருகிறதே! நாம் வாசிக்கிறோமா, கிளிப்பிள்ளை மாதிரி ஒப்பிக்கிறோமா?

"ஒனக்கு வரும்க்கா. எந்தத் தாளக் குடுத்தாலும் வரும்," என்பாள் சௌடேஸ்வரி. அந்த நம்பிக்கையில் பாதிகூடப் பொன்னுத்தாய்க்கு இல்லை.

கடைக்கு வருகிறவர்கள் சும்மா இருப்பார்களா? "பொண்டாட்டி உள்ள போயி ஓட்டுப் போடுவா. மொதலாளி வெளிய நின்னு செருப்புக்குக் காவலாக்கும்!" என்று சிரித்தார்கள். வெள்ளத்துரை இரண்டு நாள் சரியாகச் சோறு தின்னவில்லை. போன செவ்வாய்க்கிழமை சரக்கு எடுக்க அருப்புக்கோட்டைக்கு வந்துவிட்டுத் திரும்பியவர் ஆளே மாறிப்போனார். "தாராளமா வா. நானே கூட்டிட்டுப் போறேன்," என்று சொல்லிவிட்டார்.

"பாளையம்பட்டி பொன்னுத்தாய்!" டவாலி சேவகன் கூப்பிட்டான்.

உள்ளே அதிகாரி நிமிர்ந்து பார்த்தார். "எழுதப் படிக்கத் தெரியுமாம்மா?"

"தெரியும்யா." மடியில் இருந்த பாலபாடத்தை எடுத்து நீட்டினாள்.

"புத்தகம் வேணாம். அது மனப்பாடமா இருக்கும்."

பொன்னுத்தாய் புத்தகத்தைத் திரும்பவும் மடியில் செருகிக்கொண்டாள்.

அதிகாரி காகிதக் கட்டைப் புரட்டி ஒரு தாளை உருவினார். "இதை வாசி. பதறாம வாசி."

வாசலிலிருந்து வெள்ளத்துரை எட்டிப் பார்த்தார். "தெரியலைன்னு சொல்லிரு பொன்னு! அதுல என்ன வெக்கம்?"

அதிகாரி முறைத்தார். வெள்ளத்துரை குழைந்தார். "சரி, சரி. வாசி, வாசி. சத்தமா வாசி!"

தாளில் அச்சு எழுத்துகூட இல்லை. யாரோ கோழி கிளறியது மாதிரி எழுதியிருந்தார்கள். பொன்னுத்தாய் முதல் எழுத்தில் விரலை வைத்தாள்.

"பா... ளை... யம்... பட்டி."

அட, நம்ம ஊரு! பாலபாடத்தில் பாளையம்பட்டி எங்கே இருக்கிறது? அப்படியானால் இது ஒப்பித்தது இல்லை. வாசித்தது! அவளுக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தது. விரல் தானாக நகர்ந்தது.

"பொன்... னுத்... தாய் என்பவளுக்கு... எழு... தப் படிக்கத் தெரி... யாது."

திடுக்கென்று நிறுத்தினாள். பிறகு வந்த ரோஷத்தில் எழுத்துக்கள் கடகடவென்று ஓடின. "ஒரு எழுத்தும் தெரியாது. பொய் சொல்லி ஓட்டு வாங்கப் பார்க்கிறாள். ஆகையால் மேற்படியாளை ஜாபிதாவில் சேர்க்கக் கூடாது!"

மூலையில் இருந்த குமாஸ்தா சிரித்தேவிட்டார். அதிகாரியும் சிரிப்பை அடக்கிக்கொண்டு பேனாவை எடுத்தார். "உனக்குப் படிக்கத் தெரியாதுன்னு வந்த மனுவை நீயே படிச்சிட்டே. இதுக்கு மேல என்ன விசாரணை? பேரைச் சேத்தாச்சு, போ."

பொன்னுத்தாய் போகவில்லை. "எந்தக் கரிமுடிவான்யா இதைக் குடுத்தது?"

"கீழே இருக்கே. அதையும் நீயே வாசியேன்."

"பொன்னு, நேரமாச்சு! கடை தொறக்கணும், வா போவோம்!" வாசலில் வெள்ளத்துரை பறந்தார்.

"இருங்க, ஒரு வரிதான்." கடைசி வரியில் விரலை வைத்து, புருஷன் சொன்னபடியே சத்தமாக வாசித்தாள்: "இப்படிக்கு, மேற்படியாளின் புருஷன் வெள்ளத்துரை. கைநாட்டு."

கச்சேரியே வாசலைத் திரும்பிப் பார்த்தது. பொன்னுத்தாயும் பார்த்தாள்.

"சாயங்காலம் கடையை அடைச்சதும் சிலேட்டோட உக்காருங்க," என்றாள். "எழுத்துத் தெரிஞ்சிருந்தா, இதப் போயி சத்தமா வாசின்னு சொல்லியிருப்பீகளா?"