ஞாயிற்றுக்கிழமை மாத்திரை

"கனவுல வந்தவங்களை வாசல் வரைக்கும் கொண்டுபோய் விடணும்டா" என்று பெரியப்பா ஏதோ சொல்வார். விட்ட பிறகு என்ன செய்யணும் என்றும் ஒன்று சொல்வார். அந்தப் பாதி மட்டும் பனிமலைக்கு ஞாபகம் வரவே மாட்டேன் என்கிறது.

பனிமலை என்பது கம்பெனியில் வைத்த பெயர். தடுப்பூசி மருந்து வைக்கிற ஃபிரிட்ஜ்களைப் பொருத்துவதும் பழுது பார்ப்பதும் அவர் வேலை. இப்போது அந்தப் பெயரை வைத்தே கிண்டல்.

"கொசுவுக்குப் பயந்து பனிமலையே உருகிடுச்சுய்யா!"

சொல்லமாட்டார்களா பின்னே? பிரெஞ்சு பேசுகிற ஒரு ஏழை நாட்டின் சின்ன ஆஸ்பத்திரிக்கு, கரண்ட் இல்லாமல் வெயிலிலேயே ஓடும் சோலார் ஃபிரிட்ஜ் பொருத்த அவர் போயாக வேண்டும். மஞ்சள் காய்ச்சல் ஊசி போட்டாயிற்று. கொசுவலை, உப்புக்கரைசல் பொட்டலம், வயிற்றுப்போக்கு மாத்திரை எல்லாம் பெட்டிக்குள் போயாயிற்று. மனிதர்தான் கிளம்பவில்லை. முதல் தடவை முதுகுவலி. அடுத்த தடவை பல்வலி.

இன்று மகளே கையோடு இழுத்துக்கொண்டு டாக்டரிடம் வந்துவிட்டாள். வெளிநாடு போகிறவர்களுக்கு ஊசி, மாத்திரை கொடுக்கிற டாக்டர். காத்திருக்கிற நேரத்திலும் அவள் விடவில்லை.

"அந்த ஊர் நர்ஸ் என் போனுக்கு மறுபடியும் பேசி அனுப்பியிருக்காங்கப்பா. கேக்குறீங்களா?"

"எனக்கு எங்க பிரெஞ்சு புரியுது? 'எனக்குக் காய்ச்சல், டாக்டர் எங்கே'ன்னு, பிரெஞ்சு படிச்ச நீ சொல்லிக்கொடுத்ததே நாக்குல நிக்கல."

"நான் சொல்றேன், கேளுங்க. பழைய ஃபிரிட்ஜ் சுத்தமா நின்னுபோச்சாம். டவுன்ல இருந்து ஐஸ் பெட்டியில மருந்து எடுத்துட்டு வர்றதுக்குள்ள ஐஸெல்லாம் தண்ணியாயிடுதாம். பிள்ளையைத் தூக்கிட்டு நடந்தே வர்ற தாய்மாரை ஊசி போடாமத் திருப்பி அனுப்புறாங்களாம். 'உங்கப்பா எப்போ வர்றார்'னு கேக்குறாங்க. என்ன சொல்லட்டும்? அப்பாவுக்குப் பல்லு வலிக்குதுன்னா?"

பனிமலை ஜன்னலைப் பார்த்தார். கண்ணாடிக்கு வெளியே மழை பெய்கிறதா, விட்டுவிட்டதா என்று தெரியவில்லை. கொஞ்ச நாளாக அவருக்கு எல்லாமே அப்படித்தான் இருக்கிறது, பாதித் தூக்கத்தில் பார்த்தது மாதிரி.

உள்ளே கூப்பிட்டார்கள்.

"மலேரியா மாத்திரை ஒழுங்கா சாப்பிடுறீங்களா சார்?" என்றார் டாக்டரம்மா.

"தவறாம. ஞாயித்துக்கிழமைதோறும்."

வாரம் ஒன்று. கிளம்புவதற்குச் சில வாரம் முன்பே தொடங்கிவிட வேண்டும். பயணம் தள்ளிப்போகப் போக மாத்திரையும் நீண்டுகொண்டே போயிற்று.

"சிலருக்கு அது ஒத்துக்காது. தூக்கம் எப்படி? கனவு, படபடப்பு ஏதாவது?"

"ஒண்ணுமில்லீங்க."

"பொய்!" என்றாள் மகள். "தூக்கத்துல பேசுறார் டாக்டர். அடுத்த ரூம்ல எனக்குக் கேக்குது. எழுப்பினா, சொத்தை எழுதி வாங்கிட்ட மாதிரி என்னை முறைக்கிறார். கெட்ட கனவு கண்டு பயந்துபோயிருக்கார். ஒத்துக்கக் கவுரவம் விடல. அதான் இந்த முதுகுவலி, பல்வலி எல்லாம்."

டாக்டரம்மா பேனாவைக் கீழே வைத்தார். "அப்படின்னா இந்த மாத்திரையோட அவ்வளவு தூரம் உங்களைத் தனியா அனுப்பமாட்டேன். தினமும் சாப்பிடுற வேற மாத்திரை இருக்கு. அதுல இந்தக் கனவுத் தொந்தரவு இருக்காது. நீங்க உண்மையைச் சொல்லணும் சார்."

பனிமலை கையிலிருந்த குடையை மடக்கினார், விரித்தார், மடக்கினார்.

"கெட்ட கனவுன்னு யாருங்க சொன்னா?"

இருவரும் அவரைப் பார்த்தார்கள்.

"இவ அம்மா வர்றா."

மகள் கையிலிருந்த போனை மடியில் வைத்தாள்.

"போனதுக்கப்புறம் ஒரு நாள்கூட கனவுல வராதவ. போட்டோவைப் பார்த்துக்கிட்டே படுப்பேன், வரமாட்டா. இந்த மாத்திரை தொடங்கினதுல இருந்து வர்றா. சமையலறையில ஃபிரிட்ஜைத் திறந்துவச்சுட்டு நிக்கிறா. உள்ளே இருந்து நிலா மாதிரி வெளிச்சம் வந்து வீடு பூரா நிறையுது. 'ஊரு ஃபிரிட்ஜெல்லாம் பாக்குறீங்க, நம்ம வீட்டுக் கதவு மூடமாட்டேங்குது'ன்னு திட்டுறா. நானும் ரப்பரைத் தடவித் தடவிப் பாக்குறேன். சரிபண்ணிட்டா போயிடுவாளோன்னு..." குரல் இறங்கியது. "மெதுவாப் பண்றேன்."

டாக்டரம்மா கம்ப்யூட்டரில் எதையோ தேடுவதுபோல் திரும்பிக்கொண்டார்.

"போயிட்டு வந்துட்டா மாத்திரையும் முடிஞ்சிடுமேம்மா. அதான்."

மகள் நாற்காலியை நகர்த்தி அவரை ஒட்டி உட்கார்ந்தாள்.

"அம்மா என்ன புடவை கட்டியிருந்தாங்க?"

"அந்தப் பச்சை."

"என்னைப் பத்திக் கேட்டாங்களா?"

"சாப்பிட்டாளான்னு கேட்டா."

அவள் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். இத்தனை நேரம் அவரைத் திட்டித் தீர்த்தவள் காதருகே வந்து கிசுகிசுத்தாள்:

"அப்பா... இன்னும் ஒரே ஒரு தடவை தள்ளிப்போட்டா என்ன? கம்பெனிக்கு நான் பேசிக்கிறேன். வீட்ல அந்த மாத்திரை இன்னும் ஒரு அட்டை இருக்கில்ல?"

இருந்தது. வீட்டில் இல்லை, சட்டைப் பையில்.

பனிமலை அவள் கையைப் பிடித்துக்கொண்டார்.

"அந்த நர்ஸ் பேசினதை ஒரு தடவை போடு."

"உங்களுக்குத்தான் புரியாதே."

"பரவாயில்ல, போடு."

போட்டாள். மெதுவான குரல், தண்ணீர் வழிகிற மாதிரி ஒரு மொழி. ஒரு வார்த்தையும் பிடிபடவில்லை. அந்தக் குரலுக்குப் பின்னால் எங்கோ ஒரு குழந்தை அழுதது. அதைச் சமாதானப்படுத்துகிற தாயின் குரலும் கேட்டது. பிறகு பதிவு நின்றுவிட்டது.

பெரியப்பா சொன்ன மிச்சப் பாதி இப்போதும் ஞாபகம் வரவில்லை.

பனிமலை சட்டைப் பையிலிருந்த அட்டையை எடுத்து மேஜைமேல் வைத்தார். "அந்த இன்னொரு மாத்திரையை எழுதுங்க டாக்டர்" என்றார்.