ஏழு உருப்படிகள்

குளிரை வென்றவனே உலகை வென்றவன். அமீரகத்தின் அல் ஐனில் இன்று காலை பத்து டிகிரி; அதை வெல்ல ஏழு உருப்படிகளை மாட்டிக்கொண்டு, அலுவலகத்தாரின் சைக்கிள் பயணத்துக்காக மலையடிவாரக் கார் நிறுத்தத்தில் சைக்கிளோடு நிற்கிறார் உமாபதி, கால்களைப் பின்னியபடி. அவருக்கு ஒன்றுக்கு முட்டுகிறது. கழிவறை இருபதடி தூரத்தில்தான், கதவு திறந்தே இருக்கிறது. ஆனால் சைக்கிள் கால்சட்டையை இரண்டு பட்டிகள் தோளோடு பிடித்திருக்கின்றன. பட்டிகளின் மேல் ஜெர்சி, ஜெர்சியின் மேல் இத்தாலி ஜாக்கெட். அதன் ஜிப்போ, யாருக்கும் தெரியாமல் உள்ளே சுற்றிய ஊட்டி மப்ளரைக் கவ்விக்கொண்டு கழுத்தடியில் சிக்கி நிற்கிறது. மனைவி வசந்தகுமாரி அதைப் பல்லால் இழுக்கிறாள். "கிளம்பறப்பவே போயிட்டு வாங்கன்னேன், கேட்டீங்களா?" "பேசாம இழு வசந்தா." "கார்ல கத்தரிக்கோல் இருக்கு, வெட்டிடறேன்." "ஐயோ, ஜாக்கெட்டு!" "மப்ளரைத்தாங்க." "நூல் வெளியில தொங்கும்டி, மேனேஜர் பார்ப்பாரு." வெள்ளிக் கோடுகள் போட்ட ஜாக்கெட் கையில் முதல் வெயில் மின்னுகிறது. அவருடைய சைக்கிள் ஷூ தார்த் தரையில் டக்டக்கென்று தாளம் போடுகிறது. கிளம்பத் தயாராக நிற்கும் சைக்கிள் வரிசையின் முன்னாலிருந்து மேனேஜர் கையசைக்கிறார். "உமாபதி பாய், யல்லா! ஜல்தி!" எல்லோரும் திரும்பிப் பார்க்கிறார்கள். உமாபதி கம்பீரமாகக் கட்டைவிரலை உயர்த்துகிறார். டக்டக் நின்றுபோகிறது. வசந்தகுமாரி ஜிப்பை விட்டுவிட்டு அவர் முகத்தைப் பார்க்கிறாள். கால்சட்டையின் இருக்கைப் பஞ்சு ஈரத்தை நன்றாக உறிஞ்சும் என்று கடைக்காரர் சொன்னது உண்மை.